மூன்றாவது குழாய்

பெற்றோர் வைத்த பெயர் அவருக்குச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் மற்ற எல்லாருக்கும் அவர் 'சந்தேகம்'. "சந்தேகம் சார் வந்தாச்சா?" என்று வாசல் காவலாளியே கேட்பார். அவரும் கோபித்துக்கொள்வதில்லை. கோபித்துக்கொள்வதற்கு முன்னால், கூப்பிட்டது தன்னைத்தானா என்று உறுதி செய்யவேண்டியிருக்குமே.

வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பவர்கள் எங்கும் உண்டு. இவர் இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனைவரை போவார். இழுத்துப் பார்த்தது இன்றைக்கா நேற்றைக்கா என்ற யோசனையில் திரும்பி வருவார். பால் வாங்கினால் பாக்கெட்டில் இருக்கும் தேதியைப் படிப்பார், பிறகு கடைக்காரர் முகத்தைப் படிப்பார். அவர் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்: "கல்யாணத்தப் பதிவு செஞ்ச அன்னைக்கு, என் கையெழுத்த வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்த மனுசன் இவரு. வேற யாராவது போட்டிருப்பாங்களோன்னு!"

ஆனால் ரத்த வங்கியில் அந்தக் குணத்துக்கு மதிப்பு இருந்தது. குடும்பத்தில் முதல் ஆளாகப் படித்துப் பட்டயம் வாங்கி, இருபத்துநாலு வயதில் அந்த மேசையில் உட்கார்ந்த புதிதில், குரூப் பார்க்க வார்டிலிருந்து வந்த ஒரு ரத்தக் குப்பியை அவர் நம்பினார். மேலே ஒட்டியிருந்த பெயர் ஒருவருடையது, உள்ளே இருந்த ரத்தம் பக்கத்துக் கட்டில்காரருடையது. தவறான பை மாட்டப்பட்டு, குழாயைத் திறக்கும் நொடியில் ஒரு நர்ஸ் கவனித்துத் தடுத்தார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அவருக்குத்தான் ஆயிற்று. அன்றிலிருந்து குப்பி வந்தால் பெயரை நம்பமாட்டார், கொண்டுவந்தவரை நம்பமாட்டார், சில நாள் தன் கண்ணையே நம்பமாட்டார். இருபது வருடத்தில் அவர் மேசையிலிருந்து ஒரு தப்பான பைகூட வெளியே போனதில்லை.

அப்படிப்பட்டவரிடம்தான் ஒரு நாள் டாக்டரம்மா வந்து, "இனிமே ஆம்புலன்ஸ்லயே ரத்தம் போகப்போகுது" என்றார். ரத்த வங்கியின் தலைவர் அவர்.

திட்டம் எளிமையானது. அடிபட்டு ரத்தம் கொட்டிக்கொண்டிருப்பவர் ஆஸ்பத்திரி வந்து சேர்வதற்குள் உடம்பில் இருப்பதெல்லாம் தரையில் போய்விடுகிறது. அதனால் தினமும் காலையில் ஒரு குளிர்பெட்டியில் இரண்டு பை ரத்தம் வைத்து ஒரு வண்டியில் அனுப்புவது. விபத்து நடந்த இடத்திலேயே ஏற்றத் தொடங்குவது. அங்கே குரூப் பார்த்துக்கொண்டிருக்க நேரமிராது. ஆகவே இரண்டும் ஓ நெகட்டிவ். யாருக்கு வேண்டுமானாலும் ஏற்றலாம். மூன்று மாதம் சோதனை ஓட்டம். சரியாக நடந்தால் மற்ற வண்டிகளுக்கும்.

சந்தேகம் யோசித்தார். "ஏத்துங்க. ஆனா ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு குப்பி ரத்தம் எடுத்துடணும். நம்ம ரத்தம் உள்ள போயிட்டா, அவர் ரத்தம் எது, நாம ஏத்துனது எதுன்னு அப்புறம் பிரிச்சுப் பாக்க முடியாது. முதல்ல குப்பி, பிறகு பை. இதுல தப்பு நடந்துச்சுன்னா எனக்கு இந்தத் திட்டமே வேண்டாம்."

அந்த வண்டிக்குப் பொறுப்பானவள் ஒரு நர்ஸ். 'வண்டி சிஸ்டர்' என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். முப்பது வயது இருக்கும். ஒப்பந்த வேலை, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அந்த வருடத்துக் கெடு மாதக் கடைசியில் முடிகிறது. வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான் என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வண்டியை ஓட்டுபவன் வேறு யாருமில்லை, சந்தேகத்தின் மனைவியுடைய தம்பி. பெட்டியைக் கொடுக்கும் காலைகளில் சந்தேகம் இருவரையும் நிற்கவைத்து அதே பாடத்தை நடத்துவார். ஏழாவது நாள் மச்சான் சொன்னான்: "மாமா, இத இன்னொரு தடவை சொன்னீங்கன்னா வண்டி தானா ஸ்டார்ட் ஆயிடும்."

சிஸ்டர் சிரிக்கவில்லை. "புரிஞ்சுது சார்" என்று மட்டும் சொன்னாள். ஒரே தடவையில் புரிந்துகொள்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது.

ஐந்தாவது வாரம். கட்டுமானத்தில் இருந்த ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடிச் சாரத்திலிருந்து ஒரு பெயிண்டர் விழுந்தார். இடுப்பெலும்பும் தொடையெலும்பும் போயின. வண்டி போய்ச் சேர்ந்தபோது ஆள் சுண்ணாம்பைப் போல வெளுத்துக் கிடந்தார். நாடி விரலுக்கு அகப்படவில்லை. சிஸ்டர் இரண்டு பையையும் வழியிலேயே ஏற்றினாள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அந்த மனிதர் கண்ணைத் திறந்து, தன் பிரஷ் எங்கே என்று கேட்டாராம். அறுவை சிகிச்சை அறையில் எல்லாரும் கை தட்டாத குறை.

ரத்த வங்கி ஜன்னலில் குப்பி வந்து சேர்ந்தது. மேலே சிஸ்டரின் கையெழுத்து. எடுத்த நேரம் 10:42. கூட வந்த தாளில் முதல் பை தொடங்கிய நேரம் 10:47. சந்தேகம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். 42-இல் அந்த இரண்டு, இன்னொரு எண்ணின் மேல் எழுதியது மாதிரி இருந்தது.

'ம்' என்றார்.

குரூப் பார்ப்பதில் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. மூன்று சிறு கண்ணாடிக் குழாய்களில் நோயாளியின் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சம் விட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு மருந்துச் சொட்டுப் போடுவார்கள். முதல் குழாய் ஏ-யைத் தேடும், இரண்டாவது பி-யை, மூன்றாவது பாசிட்டிவா நெகட்டிவா என்பதை. தேடியது இருந்தால் ரத்தம் பால் திரிந்ததுபோல் திரண்டு நிற்கும். இல்லாவிட்டால் கலங்கலாகவே இருக்கும். திரண்டால் முழுக்கத் திரள வேண்டும்; இல்லையென்றால் கொஞ்சமும் கூடாது.

பெயிண்டரின் இரண்டாவது குழாய் பாதி திரண்டிருந்தது. திரண்ட கட்டிகளுக்கு நடுவே, யாரோடும் சேராமல் தனித்தனியாக ரத்த அணுக்கள் நீந்திக்கொண்டிருந்தன.

மறுபடி செய்தார். அதே. மூன்றாவது தடவை புது மருந்துப் புட்டி திறந்து செய்தார். அதே. மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். சந்தேகமே இல்லை, அவரே சொல்கிறார், சந்தேகமே இல்லை. ஒரே குப்பிக்குள் இரண்டு பேருடைய ரத்தம். ஒன்று பி குரூப்காரர், பெயிண்டர். இன்னொன்று ஓ குரூப். ஓ எங்கிருந்து வந்திருக்கும்? காலையில் தன் கையால் பெட்டியில் வைத்த பைகள் அவர் கண்முன் வந்து நின்றன.

பையை முதலில் மாட்டிவிட்டாள். குப்பி நினைவுக்கு வந்ததும் எடுத்திருக்கிறாள். நேரத்தைத் திருத்தியிருக்கிறாள். எல்லாம் பொருந்தியது. பூட்டுக்குள் சாவி போவதுபோல் பொருந்தியது.

அறுவை சிகிச்சைக்கு ஓ குரூப் பைகளையே தொடர்ந்து கொடுத்தார். அது ஆபத்தில்லாத வழி. பிறகு சிஸ்டரை ஜன்னலுக்கு வரவழைத்தார்.

"குப்பி எப்போ எடுத்தீங்க?"

"முதல்ல, சார். பை மாட்டுறதுக்கு முன்னாடி."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? பை ரத்தத்தச் சூடாக்குற மிஷின் தயாராக நாலு நிமிஷம் ஆகும். அந்த நாலு நிமிஷத்துலதான் எடுத்தேன். தினமும் நீங்க சொல்றதுதானே?"

"அப்போ இந்த ரெண்டு ஏன் திருத்தியிருக்கு?"

"முதல்ல பத்து நாப்பத்தொண்ணுன்னு எழுதுனேன். எழுதி முடிக்கிறதுக்குள்ள நாப்பத்திரெண்டு ஆயிடுச்சு. நீங்க நிமிஷம் சரியா இருக்கணும்னு சொன்னீங்கன்னு மாத்துனேன்." அவள் குரல் மாறியது. "சார், நீங்க என்ன கேக்குறீங்க?"

"நான் கேக்கல. குப்பி சொல்லுது."

"குப்பி உங்ககிட்ட மட்டும்தான் பேசும் போல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மதியமே அறிக்கை எழுதிவிட்டார். ஒன்றரைப் பக்கம். 'ரத்தம் ஏற்றிய பின் மாதிரி எடுக்கப்பட்டு, நேரம் திருத்தப்பட்டுள்ளது' என்ற வரியை எழுதும்போது பேனா தயங்கவே இல்லை. டாக்டரம்மா படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டு ஆம்புலன்ஸ் மேனேஜருக்கு அனுப்பினார். மேனேஜர் இரண்டு முடிவு எடுத்தார்: விசாரணை நாளை மறுநாள் பதினொரு மணிக்கு, அதுவரை சிஸ்டர் வண்டியில் ஏறக்கூடாது. ரத்தம் ஏற்றப் பயிற்சி பெற்றவர் வேறு யாரும் இல்லாததால் பெட்டியும் ஏறாது.

"விசாரணையில பொய்னு முடிவாச்சுன்னா?" என்று கேட்டார் சந்தேகம்.

"ஒப்பந்தம் புதுப்பிக்கமாட்டாங்க. வேற எங்கயும் எடுக்கவும் மாட்டாங்க" என்றார் டாக்டரம்மா. "நீங்க உறுதியாத்தானே இருக்கீங்க?"

"மூணு தடவை பாத்தேன், டாக்டர்."

அன்று சாயங்காலம் மச்சான் வீட்டுக்கு வந்தான். காலணியைக் கழற்றும் சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

"மாமா, நான் பக்கத்துலயே நின்னேன். பின் கதவு தெறந்து கெடந்துச்சு. பையக் கையில வச்சுக்கிட்டு நான் நிக்கிறேன், அவங்க ஊசி போட்டு ரத்தம் எடுக்குறாங்க. என் கண்ணால பாத்தேன்."

"நீ டிரைவரா, சாட்சியா?"

"ரெண்டும்தான்."

"ஒரே வண்டியில தினமும் பத்து மணி நேரம் உக்காந்திருக்கீங்க. அவங்களுக்கு ஒண்ணுன்னா நீ விட்டுக்குடுப்பியா?"

மச்சான் அக்காவைப் பார்த்தான். "பாத்தியா அக்கா? இப்போ நானும் கள்ளன்."

"அவரு என்னையே இன்னும் முழுசா நம்பல. நீ எம்மாத்திரம்?" என்றாள் அவள், தட்டை வைத்தபடி. "ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டுச் சண்ட போடுங்க. நான் பாத்திரம் கழுவணும்."

சாப்பிடும்போதே சந்தேகத்துக்கு மச்சான் மேலும் ஒரு கண் விழுந்திருந்தது. பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன் என்கிறானே, நிஜமாகவே கையில்தான் இருந்ததா, மாட்டியிருந்ததா? ரத்தம் சிந்துகிற இடத்தில் எவனுக்கு வரிசை ஞாபகம் இருக்கும்? எழுந்து போகும்போது மச்சான் வாசலில் நின்று சொன்னான்: "அந்த ஆளு இன்னைக்கு உயிரோட இருக்காரு, மாமா. அத உங்க அறிக்கையில எழுதுனீங்களா?"

அதை எழுதவில்லைதான். அது அறிக்கைக்குச் சம்பந்தமில்லாதது என்று தோன்றியிருந்தது.

மறுநாள் காலை. பெட்டி வங்கி மூலையில் மூடி திறந்தபடி காலியாகக் கிடந்தது. விசாரணைக்குப் பதிவேட்டின் நகல் வேண்டும் என்று மேனேஜர் கேட்டிருந்தார். சந்தேகம் பதிவேட்டை விரித்து, ஓரத்தில் அளவுகோல் வைத்து, வரி வரியாக வேறு தாளில் எழுதத் தொடங்கினார். பெயிண்டருக்கு அதில் இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று வண்டியில் எடுத்த குப்பி. இன்னொன்று, இரண்டு பையும் ஏறி முடிந்தபின் அவசர சிகிச்சைப் பிரிவில் எடுத்த குப்பி.

இரண்டாம் வரி: முதல் குழாய், இல்லை. இரண்டாவது, பாதி. மூன்றாவது, பாதி. சரிதான். பெயிண்டர் பாசிட்டிவ், ஏற்றிய ரத்தம் நெகட்டிவ், இரண்டும் கலந்தால் மூன்றாவது குழாயும் பாதிதான் திரளும்.

முதல் வரி: முதல் குழாய், இல்லை. இரண்டாவது, பாதி. மூன்றாவது, முழு.

பேனா நின்றது.

முழு. அவருடைய கையெழுத்துத்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. வண்டியில் எடுத்த குப்பியில் இருந்த அத்தனை அணுக்களும் பாசிட்டிவ். சேராமல் நீந்திய அந்த ஓ குரூப் அணுக்களும் பாசிட்டிவ். ஆனால் பெட்டியில் போன இரண்டு பையும் நெகட்டிவ். தன் கையால் வைத்தவை.

அப்படியென்றால் குப்பிக்குள் இருந்த அந்நிய ரத்தம் பெட்டியிலிருந்து வந்ததல்ல. சிஸ்டர் பையைத் தொடும் முன்பே அது பெயிண்டர் உடம்பில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

நாற்காலியில் சாய்ந்தார். இரண்டாவது குழாயை மூன்று தடவை சோதித்தவர், மூன்றாவது குழாயைப் பார்த்தார், எழுதினார், தாண்டிப் போனார். ஆள் கிடைத்துவிட்டது என்று தெரிந்தபின் மற்ற சாட்சியை யார் கேட்கிறார்கள்?

ஆனாலும் அவர் அவர்தான். வங்கி ஃப்ரிட்ஜில் வைத்திருந்த அதே குப்பியை எடுத்து மூன்றாவது குழாயைத் திரும்பச் செய்தார். முழு. அனுப்பிய பைகளின் எண்களைச் சரிபார்த்தார். நெகட்டிவ். நெகட்டிவ். பிறகு இன்னொரு சந்தேகம் தலை தூக்கியது: அப்போ இந்த மனுசனுக்கு வேற யாரு, எப்போ ரத்தம் ஏத்துனாங்க?

மாலை, பார்வையாளர் நேரத்தில் வார்டுக்குப் போனார். பெயிண்டர் காலைத் தூக்கிக் கட்டியபடி படுத்திருந்தார். நகக்கண்ணில் இன்னும் நீலப் பெயிண்ட். பக்கத்தில் அவர் மனைவி.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது ரத்தம் ஏத்தியிருக்காங்களா?"

"இல்லீங்க" என்றார் பெயிண்டர், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு.

பொய் சொல்பவர்கள் மின்விசிறியைப் பார்ப்பார்கள் என்பது சந்தேகத்தின் நெடுநாள் அனுபவம். "நல்லா யோசிங்க. மூணு மாசத்துக்குள்ள."

"இல்லைன்னு சொல்றேனே." பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "தண்ணி தீந்துபோச்சு பாரு. புடிச்சுட்டு வா."

பாட்டில் முக்கால்வாசி இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், எடுத்துக்கொண்டு போனாள்.

"சார், கிட்ட வாங்க." பெயிண்டர் குரலைத் தாழ்த்தினார். "மூலம் சார். ரெண்டு வருஷமா. போன மாசம் ரத்தமாப் போயி, சாரத்துல நிக்கவே முடியல, கண்ணு இருட்டுது. யார்கிட்ட சொல்றது? மேஸ்திரிகிட்ட சொன்னா மறுநாள் ஊரே என்னைப் பாத்துச் சிரிக்கும். பக்கத்து ஊர்ல ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனேன். உடம்புல ரத்தமே இல்லைன்னு ரெண்டு பாட்டில் ஏத்துனாங்க. வீட்டுல வெளியூர் வேலைன்னு சொல்லிட்டுப் போனேன்."

"என்ன குரூப் ஏத்துனாங்க?"

"என் குரூப் அன்னைக்கு இல்லையாம். ஓ பாசிட்டிவ் இருக்கு, ஒத்துக்கும்னாங்க."

"சீட்டு இருக்கா?"

"என்ன சார், நான் பொய் சொல்றேன்னா?"

"நீங்க அஞ்சு நிமிஷம் முன்னாடிதான் சொன்னீங்க."

பெயிண்டர் தலையணைக்கடியில் இருந்த செல்போனை எடுத்து, உறையைக் கழற்றினார். உள்ளே எட்டாக மடித்த சீட்டு. இருபத்தாறு நாளுக்கு முந்தைய தேதி. இரண்டு பை, ஓ பாசிட்டிவ், பை எண்கள். சந்தேகம் அங்கேயே நின்று அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு எண்களைக் கேட்டு உறுதி செய்தார். பெயிண்டர் கையெடுத்துக் கும்பிட்டார். "வீட்டுல மட்டும் சொல்லிடாதீங்க."

வெளியே தண்ணீர்க் குழாயருகே அந்த அம்மா நின்றிருந்தாள். பாட்டிலை நிரப்பியிருக்கவில்லை. "மூலத்தச் சொன்னாரா?" என்று கேட்டாள்.

சந்தேகம் திகைத்தார்.

"எனக்குத் தெரியாதா? துணி துவைக்கிறது யாரு? அவரா சொல்லட்டும்னு இருக்கேன். எனக்குத் தெரியும்னு காட்டிக்காதீங்க."

மாடிப்படி இறங்கும்போது அவருக்குச் சிரிப்பு வரவேண்டியது. வரவில்லை. தன்னைத் தவிர எல்லாரும் யாரோ ஒருவரை நம்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. ஒரு மாதத்துக்குள் வேறு ரத்தம் ஏறியவருக்கு உடம்பில் எதிர்ப்பு உண்டாகியிருக்கலாம். அதையும் அன்றே சோதித்தார். இல்லை. அடுத்த பைகளுக்கான எச்சரிக்கையைப் பெயிண்டரின் தாளில் எழுதி வைத்தார்.

விசாரணை டாக்டரம்மா அறையில். மேனேஜர், சிஸ்டர், சாட்சியாக மச்சான். சிஸ்டர் தன் தாள்களை ஒரு கோப்பில் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். அவள் உட்கார்ந்த விதமே, இன்று வேலை போகும் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தவள் மாதிரி இருந்தது.

சந்தேகம் எழுந்து நின்றார். சீட்டையும் பதிவேட்டையும் மேசையில் வைத்து, மூன்றாவது குழாயைப் பற்றிச் சொன்னார்.

மேனேஜர் கனைத்தார். "அப்போ சிஸ்டர் முதல்லதான் எடுத்திருக்காங்க."

"முதல்லதான் எடுத்திருக்காங்க."

"நேத்து ஒரு விபத்து" என்றான் மச்சான், யாரையும் பார்க்காமல். "பெட்டி இருந்திருந்தா வழியிலேயே ஏத்தியிருப்போம். வெறுங்கையோட இழுத்துப் பிடிச்சுக் கொண்டுவந்தோம். பொழச்சுக்கிட்டாரு. எப்படின்னு தெரியல."

டாக்டரம்மா மென்மையாகச் சொன்னார்: "சோதனையில தெளிவு இல்லாம இருந்துச்சுன்னு எழுதிக்கலாம். யாருக்கும் பிரச்சினை இல்ல."

"சோதனை தெளிவாத்தான் இருந்துச்சு, டாக்டர்." அவர் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். "நான் எழுதியாச்சு. பிழை என்னுதுன்னு."

சிஸ்டர் கையை நீட்டினாள். தாளை வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை விரலை வைத்துப் படித்தாள். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். "இதுல வேற ஏதாவது இருக்கா சார்? நாளைக்கு இன்னொரு குப்பி பேசுமா?"

"இல்லம்மா."

"மூணாவது குழாய அன்னைக்கே பாக்கலையா?"

"பாத்தேன். எழுதவும் செஞ்சேன். படிக்கல."

மேனேஜர் பழைய அறிக்கையைக் கையில் எடுத்தார். "அப்போ இதக் கிழிச்சுடலாம். ஒப்பந்தத்தப் புதுப்பிக்க நான் இன்னைக்கே எழுதிடுறேன்."

"கிழிக்காதீங்க" என்றாள் சிஸ்டர்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"ரெண்டு நாளா ஆஸ்பத்திரி முழுக்க என்னைப் பத்தி என்ன பேசுனாங்கன்னு எனக்குத் தெரியும். இவங்க திருத்துனாங்களாமேன்னு நாலு வருஷம் கழிச்சும் ஒருத்தர் சொல்லுவாரு. அன்னைக்கு எடுத்துக் காட்ட எனக்கு ரெண்டும் வேணும். என்ன சொன்னாங்க, எப்படித் தப்பாச்சுன்னு. சேத்தே இருக்கட்டும். ஒரு நகல் எனக்கு."

மேனேஜர் டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா சந்தேகத்தைப் பார்த்தார்.

அவர் இரண்டு தாளையும் ஓரம் பொருத்தி அடுக்கினார். பழையது மேலே, புதியது கீழே. கொஞ்சம் யோசித்து, புதியதை மேலே மாற்றினார். குண்டூசி குத்தப்போகும் நேரத்தில் மச்சானின் இடுப்பில் தொங்கிய அழைப்புக் கருவி அலறியது. பாலத்தடியில் லாரி மோதல், இரண்டு பேர்.

சிஸ்டர் ஏற்கெனவே எழுந்துவிட்டாள். "பெட்டி?" என்றாள்.

பெட்டி காலியாக இருப்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தாள்களை அப்படியே டாக்டரம்மா கையில் திணித்துவிட்டு, சந்தேகம் என்றைக்கும் இல்லாத வேகத்தில் வங்கியை நோக்கி ஓடினார்.